ஏற்காடு ஏற எத்தனை குதிரைகள் வேண்டும்?

சேலம் சந்திப்பு இரயில் நிலையம் நகரின் நடுவே இல்லை; மேற்கே சூரமங்கலத்தில் உள்ளது. இரயிலில் வந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இங்கு இறங்கி வாடகைக் கார் பிடிப்பது நெடுநாளைய வழக்கம். அந்நாளில் வாடகைக் கார் என்றாலே பெரும்பாலும் அம்பாசிடர்தான். ஐந்தாறு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு, 20 கொண்டையூசி வளைவுகளையும் அது முனகி முனகி ஏறிவிடும். ஆனால் முன்னே ஒரு லாரி போனால், வளைவுக்கு வளைவு அதன் புகையைக் குடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

1984ஆம் ஆண்டில் அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் கான்டெஸ்ஸா என்னும் புதிய காரை வெளியிட்டது. நீண்ட மூக்கு, அகன்ற இருக்கை, கம்பீரமான தோற்றம். உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனத்துடையது. அங்கே அந்த உடலுக்குப் பொருத்தப்பட்ட எஞ்சின்களில் சிறியதே 1759 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நம் நாட்டிலோ அம்பாசிடரில் ஓடிக்கொண்டிருந்த 1489 க.செ.மீ. எஞ்சினையே அதனுள்ளும் வைத்தார்கள். திறன் சுமார் 50 குதிரை. கார் புதிது, இதயம் பழையது என்று அப்போதே பலர் குறைப்பட்டுக்கொண்டனர்.

அந்த எஞ்சினைக் குறை சொல்வது முழு நியாயம் ஆகாது. 1955இல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற பந்தயப் பாணிக் கார் வெளிவந்தது. கூரையோடு கூடிய இரண்டு கதவு 'கூப்பே' வடிவிலும் அது விற்றது. அதனுள் இருந்ததும் இந்த 1489 க.செ.மீ. குடும்பத்து எஞ்சினே. இரட்டைக் கார்புரேட்டர் வைத்து ஏறத்தாழ 70 குதிரைத் திறன் எடுத்தார்கள். காரின் எடை சுமார் 900 கிலோ. அங்கே பந்தயக் குதிரை. இங்கே பாரவண்டி மாடு. ஆகவே எஞ்சினை மட்டும் பார்த்தால் போதாது. அது இழுக்க வேண்டிய எடையையும் ஏற வேண்டிய சாலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏற்காட்டுச் சாலையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடும் சாமான்களோடும் கார் 1500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 11 மீட்டர். வினாடிதோறும் கார் முக்கால் மீட்டர் உயர்கிறது. 1500 கிலோவை அப்படித் தூக்க ஏறத்தாழ 11,000 வாட் தேவை. ஒரு குதிரைத் திறன் 746 வாட். எனவே மலை கேட்பது 15 குதிரை. டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னும் 5 சேர்த்தால் 20.

ஐம்பது இருக்க இருபதுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். கியர், அச்சு முதலியவற்றின் உராய்வில் பத்தில் ஒன்று போனால் சக்கரத்துக்கு வருவது 45. ஏற்றத்துக்கு 20 போக, கையிருப்பு 25. இந்தக் கையிருப்பைக் கொண்டுதான் லாரியை முந்த வேண்டும். அதுவும் எஞ்சின் முழு வேகத்தில் அலறும்போதுதான் கிடைக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், உச்சியை நெருங்கும்போது எஞ்சின் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அந்த நட்டமும் கையிருப்பிலிருந்தே கழிகிறது. ஏற்றம் தன் இருபதைக் குறைத்துக்கொள்வதில்லை!

1980களின் பிற்பகுதியில் மாற்று எஞ்சின் வந்தது. ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1817 க.செ.மீ. எஞ்சின், 88 குதிரைத் திறன், ஐந்து கியர்கள். பழைய எஞ்சினின் உருளை குறுகலானது, உந்து தண்டு நெடுந்தூரம் ஏறி இறங்குவது: விட்டம் 73 மி.மீ., வீச்சு 89 மி.மீ. இசுசுவில் விட்டம் 84, வீச்சு 82. வீச்சு குறைந்தால் எஞ்சின் சிரமமின்றி வேகமாகச் சுழலும். நம் கணக்கில் 88இல் பத்தில் ஒன்று போக 79. ஏற்றத்துக்கு 20 போக மீதி 59. எஞ்சினின் திறன் இரு மடங்குகூட ஆகவில்லை. கையிருப்போ இரு மடங்கைத் தாண்டிவிட்டது. கான்டெஸ்ஸாவை மக்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது இந்த எஞ்சினால்தான்.

நம் சென்னையில் நடந்த கதை வேறு. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' காரைக் கொண்டுவந்தது. உடல் இங்கிலாந்தின் ரோவர் கார். 1976இல் அது அங்கு வந்தபோது 8 உருளை, 3528 க.செ.மீ. எஞ்சினோடு வந்தது. சென்னையில் அதற்குள் புகுந்ததோ 1991 க.செ.மீ. கொண்ட நான்கு உருளை எஞ்சின். அது பழைய வேன்கார்டு காரின் வழிவந்தது. அந்த எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதிருக்கிறது, டிரையம்ப் டி.ஆர்.2 பந்தயப் பாணிக் காரிலும் பறந்திருக்கிறது. உழைப்பாளிதான், ஆனால் அந்தப் பெரிய உடலை இழுக்கப் பெட்ரோலைக் குடித்துத் தள்ளியது. சில ஆண்டுகளிலேயே அந்தக் காரின் உற்பத்தி நின்றது. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் அதே 1985இல் ஃபியட் 124இன் உடலில் நிசானின் 1171 க.செ.மீ. எஞ்சினை வைத்தது. திறன் வெறும் 52 குதிரை. ஆயினும் கார் எடை குறைந்தது, ஆதலால் பொருந்திப் போயிற்று.

சூரமங்கலத்து வாடகைக் கார்க்காரருக்கு முந்துவதைவிடப் பெரிய கவலை எண்ணெய்ச் செலவு. தமிழ்நாடெங்கும் பழைய பெட்ரோல் அம்பாசிடரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டியவர்கள் ஏராளம். ஆலையிலிருந்தே வந்த டீசல் அம்பாசிடரின் திறன் 37 குதிரைதான். நம் கணக்குப்படி அதன் கையிருப்பு 13! தெரிந்தேதான் வாங்கினார்கள், லாரிக்குப் பின்னால் போனாலும் லிட்டர் கணக்கில் மிச்சம் வந்தது. டீசல் எஞ்சின் கனமானது. வெளியே மாட்டுகிறவர் முன்புற ஸ்பிரிங்கையும் எஞ்சின் தாங்கிகளையும் பலப்படுத்த வேண்டும், பின் அச்சின் பல் விகிதம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இத்தகைய மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்; புது எஞ்சின் எண் அதில் ஏறாவிட்டால் விற்கும்போது தொல்லை.

1990களில் அம்பாசிடருக்கும் இசுசு எஞ்சின் கிடைத்தது. கான்டெஸ்ஸாவின் உற்பத்தி 2002இல் முடிந்தது; அம்பாசிடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது.