டிரைக்கோபிளாக்ஸ்

கிரேக்கத்தில் 'த்ரிக்ஸ்' என்றால் மயிர், 'பிளாக்ஸ்' என்றால் தட்டு. இரண்டும் சேர்ந்து 'மயிர்த்தட்டு'. 1883இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கடல்நீர்த் தொட்டியின் சுவரில் ஊர்ந்த ஒரு பிராணிக்கு ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே வைத்த பெயர் இது. கூடவே 'அடேரன்ஸ்' என்ற லத்தீன் அடைமொழி: ஒட்டிக்கொள்வது. கண்ணில் பட்டதை அப்படியே பெயராக்கிவிட்டார் மனிதர். சில மில்லிமீட்டர் அகலம். வாயில்லை, வயிறில்லை, நரம்பும் தசையும் இல்லை. மயிர் என்றது அதை நகர்த்தும் நுண்ணிழைகளைத்தான். பாசிமேல் படர்ந்து, அடிப்பக்கத்தாலேயே செரித்துக்கொள்ளும். பிறகு இதை ஏதோ ஜெல்லிமீனின் இளம்பருவம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1971இல்தான் கார்ல் கிரெல் இதற்கெனத் 'தட்டுயிரி' என்று பொருள்படும் 'பிளாக்கோசோவா' தொகுதியை ஏற்படுத்தினார்.

2008இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியானது: சுமார் 9.8 கோடி டி.என்.ஏ. கார இணைகள், ஏறத்தாழ 11,500 மரபணுக்கள். வியப்பு அந்தப் பட்டியலில் இருந்தது. செல்லின் மேலுறையில் நின்று வெளிச்செய்தியை உள்ளே கடத்தும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மட்டும் நூற்றுக்கணக்கில்! நரம்பில்லாத தட்டுக்கு இவ்வளவு எதற்கு? ஒன்று தெரியும்: அதன் சில செல்கள் குறும்புரதங்களைச் சுரக்கின்றன, அவை பட்டதும் ஊர்வது நிற்கிறது.