சரிவில் பிழைத்த திராட்சை

பிரான்சின் லியோன் நகரத்துக்குத் தெற்கே, ரோன் நதியின் வலது கரையில் இருக்கிறது கொந்த்ரியூ. ஊருக்குப் பின்னால் செங்குத்தான கருங்கல் சரிவு. டிராக்டர் ஏற வழியில்லை. சாந்து பூசாத கல்சுவர்கள்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. பெருமழையில் சுவர் சரிந்தால் மறுபடி கட்ட வேண்டும். கீழே போன மண்ணை மேலே ஏற்ற வேண்டும். வியோனியே என்ற வெள்ளைத் திராட்சைக்குத் தாய்வீடு இதுதான்.

ரோமப் பேரரசர் ப்ரோபஸ் டால்மேஷியாவிலிருந்து இதைக் கொண்டுவந்தார் என்றொரு பழங்கதை உண்டு. மரபணு ஆய்வு வேறு திசையைக் காட்டுகிறது. அதே வட்டாரத்துப் பழைய திராட்சையான மோந்தூஸ் பிளான்ஷோடு இதற்கு நேரடி இரத்த உறவு. இரண்டில் எது தாய், எது பிள்ளை என்பது இன்னும் தீரவில்லை.

வளர்க்கச் சிரமம் தரும் கொடி. காய்ப்பு குறைவு, சாம்பல் நோய் எளிதில் பற்றும். அதைவிடப் பெரிய சோதனை அறுவடை நாள். பழத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், புளிப்பு இறங்கிக்கொண்டே போகும், மணமோ கடைசியில்தான் வரும். முந்திப் பறித்தால் வாசனையற்ற ஒயின். பிந்தினால் கனத்துப்போய் எண்ணெய்ப் பிசுக்கோடு நாக்கில் தங்கும். நடுவில் கிடைக்கும் சில நாட்களைப் பிடித்தவருக்கே ஆப்ரிகாட்டும் பீச்சும் வெள்ளைப் பூக்களும் கலந்த அந்த மணம் வாய்க்கும். பக்கத்து ஒயின் வட்டாரமான கோத் ரோத்தியில் சிரா என்ற கருந்திராட்சையோடு இதை 20 சதவீதம் வரை சேர்த்துப் புளிக்கவைக்கச் சட்டமே இடம் தருகிறது. வெள்ளைப் பழம் சேர்ந்தால் சிவப்பு ஒயினின் நிறம் நிலைக்கிறது, வாசனையும் எழுகிறது.

இவ்வளவு அருமையான கொடி அழியும் நிலைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்ஸெரா பூச்சி வேர்களைத் தின்றது. முதல் உலகப் போர் ஆண்களைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்களைத் தொழிற்சாலைக் கூலியும் சமவெளிப் பழத்தோட்டங்களும் இழுத்தன. 1960களில் கொந்த்ரியூவில் எஞ்சியது 15 ஹெக்டேருக்கும் குறைவு. 1953இல் அப்பாவின் தோட்டப் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் வெர்னே மட்டும் விடவில்லை. புதர் மண்டிய படிவயல்களைத் திருத்திக் கொடி நட்டார், அக்கம்பக்கத்தாரையும் நடச் சொன்னார். 2017இல் அவர் மறைந்தபோது கொந்த்ரியூவில் கொடிகள் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஹெக்டேரில் நின்றன. விஞ்ஞானமோ அரசோ அல்ல, ஒரு விவசாயியின் பிடிவாதமே இந்தத் திராட்சையைக் காப்பாற்றியது என்பேன்.

இதற்கிடையே கொடியின் பயணமும் வேகமெடுத்தது. 1980இல் ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் யலும்பா நிறுவனம் 1.2 ஹெக்டேர் நட்டது. கலிபோர்னியாவில் கலேரா ஒயின் நிறுவனத்தின் ஜோஷ் ஜென்சன் சுண்ணாம்புக்கல் மலையில் நட்டார். தெற்குப் பிரான்சின் லாங்டாக் சமவெளியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது; அங்கே விளைச்சல் கூடியது, மணம் மெலிந்தது. எனக்கு வியப்பளிப்பது வர்ஜீனியா. கோடையில் புழுங்கித் தள்ளும் அந்த மாநிலத்தில், தடித்த தோலும் நெருக்கமில்லாத கொத்தும் இதை அழுகலிலிருந்து காத்தன. 2011இல் வர்ஜீனியா இதையே தன் அடையாளத் திராட்சையாக அறிவித்தது.

இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் நாசிக்கும் இதற்கு இடம் கொடுத்தது. அங்கே கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. பருவமழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, குளிர்ந்த இரவுகளில் காய் முற்றவிட்டு, வெயில் கடுமையாகும் முன் பறிக்கிறார்கள். புளிப்பு இறங்குவதற்குள் மணம் வந்துவிட வேண்டுமே என்ற பழைய கவலை நாசிக் விவசாயிக்கும் உண்டு.