கோவை எம்.பி.யின் கடைசி விமானம்

1974-ஆம் ஆண்டு கோவை நாடாளுமன்றத் தொகுதிக்கு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கிய புதிது என்பதால் அரசியல் பிரியர்களுக்கு அந்தத் தேர்தல் நினைவிருக்கும். ஆனால் அது எதனால் வந்தது என்று கேட்டால் கோவைக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

காரணம் ஒரு விமான விபத்து. 1973 மே 31 இரவு, சென்னையிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் (பெயர் 'சாரங்கா') பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்தது. பாலம் என்றால் ஆற்றுப்பாலம் அல்ல, அது டெல்லியை ஒட்டிய ஓர் ஊரின் பெயர். இன்றைய இந்திரா காந்தி விமான நிலையம் அதுதான். உள்ளே இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். கோவை எம்.பி. கே. பாலதண்டாயுதம் அவர்களில் ஒருவர். மத்திய உருக்கு, சுரங்கத்துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம் இன்னொருவர். பஞ்சாப் முன்னாள் முதல்வர் குர்னாம் சிங்கும் இறந்தார்.

மோகன் குமாரமங்கலமும் கொங்கு மண்ணுக்குச் சொந்தக்காரர்தான். திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். பார்வதி கிருஷ்ணன் மோகனின் தங்கை. அண்ணன் செத்த அதே விபத்தில் காலியான தொகுதியில் தங்கை நின்று ஜெயித்திருக்கிறார். சினிமாவில் வந்தால் நம்பமாட்டோம்.

சரி, அந்த விமானம் ஏன் விழுந்தது?

அன்று டெல்லியில் புழுதிப் புயல். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது கருவிகளை நம்பி இறங்குவதற்குத்தான் 'இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச்' என்று பெயர். அதில் பல வகை உண்டு. சாரங்கா இறங்கியது என்.டி.பி. என்ற மிகப் பழைய முறையில். தரையில் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் எல்லாத் திசையிலும் அலை அனுப்பிக்கொண்டே இருக்கும்; விமானத்தில் உள்ள முள் அது இருக்கும் திசையைக் காட்டும். அவ்வளவுதான். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லாது.

இதில் வெளியே தெரியாத குறைகள் இன்னும் உண்டு. பழைய மீடியம் வேவ் ரேடியோவில் மழைநாளில் பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மின்னலுக்கும் 'கரகர' சத்தம் வரும். என்.டி.பி.யும் கிட்டத்தட்ட அதே அலைவரிசைக் குடும்பம். பக்கத்தில் இடிமேகம் இருந்தால் முள் டிரான்ஸ்மிட்டரை விட்டுவிட்டு மின்னல் பக்கம் திரும்பிப் பார்க்கும். இரவில் அலைகள் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் முள் அலையும். விமானம் சாய்ந்து திரும்பும்போதும் பிழை வரும். எல்லாவற்றையும்விட மோசம் எதுவென்றால், சிக்னல் நின்றுபோனால் பல கருவிகளில் எச்சரிக்கையே வராது. முள் கடைசியாகக் காட்டிய இடத்திலேயே சும்மா நிற்கும். அதனால்தான் அந்த நிலையத்தின் மோர்ஸ் குறியீட்டை விமானி காதால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி.

இத்தனை குறைகளுக்கும் சேர்த்து வைத்த காப்பீடுதான் 'குறைந்தபட்ச இறங்கு உயரம்'. அந்த உயரம் வரைதான் கருவியை நம்பலாம். அங்கே வந்தும் ஓடுபாதை தெரியவில்லையா, மேலே ஏறிப் போய்விட வேண்டும். சாரங்காவின் விமானி ஓடுபாதையைப் பார்க்காமலே அந்த உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்றது விசாரணை. கருவி பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. தீர்ப்பில் தவறும் இல்லை. ஆனால் மத்திய அமைச்சர் வரும் ஜெட் விமானம், தலைநகரத்தில், புழுதிப் புயலில், திசை மட்டுமே தெரிந்த ஒரு முள்ளை வைத்து இறங்கியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நவீன கருவி இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அதற்கும் பாலத்திலேயே பதில் இருக்கிறது. ஓராண்டுக்கு முன்பு, 1972 ஜூன் 14 அன்று, பாங்காக்கிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி.-8 விமானம் அதே பாலத்தை நெருங்கும்போது யமுனைக் கரையோரம் விழுந்தது. உள்ளே இருந்த 87 பேரில் 82 பேர் பலி. அது இறங்கியது ஐ.எல்.எஸ். முறையில், இது திசையோடு இறங்குசரிவையும் காட்டும். விமானிகள் விதிமுறையைப் பின்பற்றவில்லை, ஓடுபாதையை உறுதி செய்யும் முன்பே கருவியை விட்டுவிட்டார்கள் என்றது இந்திய விசாரணை. தவறான சரிவு சிக்னல் வந்தது என்றது ஜப்பான் தரப்பு. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு. ஐ.எல்.எஸ். பொய் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் பின்னால் பதில் கிடைத்தது.

2000 ஜூலை 29 இரவு, ஏர் நியூசிலாந்தின் போயிங் 767 ஒன்று சமோவா தீவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஐ.எல்.எஸ். இரண்டு ஒலி அதிர்வுகளை அனுப்பும். சரியான சரிவில் இருந்தால் இரண்டும் சமம், முள் நடுவில் நிற்கும். அன்று தரைக்கருவியின் ஒரு பகுதி வேலை செய்யாததால் எந்த உயரத்தில் இருந்தாலும் இரண்டும் சமமாகவே வந்தன. முள் நடுவில் அழகாக நின்றது, எச்சரிக்கைக் கொடியும் வரவில்லை. ஓடுபாதைக்கு இன்னும் பல கிலோமீட்டர் இருக்கும்போது விமானம் 400 அடிக்கும் கீழே வந்துவிட்டது. தூரமும் உயரமும் ஒத்துவரவில்லை, வெளியே தெரியும் விளக்குகளும் சரியில்லை என்று கவனித்து விமானிகள் மேலே ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். இருப்பாய்வு டேலி ஆகிவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை என்பது காமர்ஸ் மாணவர்களுக்கு முதல் வருடப் பாடம். நடுவில் நிற்கும் முள்ளும் அப்படித்தான்.

இப்போது செயற்கைக்கோள் காலம். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பை வைத்து 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஓர் இண்டிகோ ஏ.டி.ஆர். விமானம் இறங்கிக் காட்டியது. தரையில் ஐ.எல்.எஸ். தேவையில்லாததால் சின்ன ஊர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் விண்ணிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. தரையிலிருந்து யாராவது போலி சிக்னல் அனுப்பினால் கருவி அதையே நம்பிவிடும். 2025-இல் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்கு இதுதான் நடந்தது. ஜி.பி.எஸ். முறையில் 10-ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்க வந்தவை அவை. மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மற்ற ஓடுபாதைகளில் தரையிலிருந்து வழிகாட்டும் பழைய கருவிகள் வேலை செய்துகொண்டிருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றும் சொன்னது.