லாக் கண்காணிப்பில் அப்சர்வர் முறை

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தனக்குள் நடப்பதை அவ்வப்போது குறித்துவைப்பது லாக். ஒரு லாக் நிகழ்வு பிறந்த கணத்திலேயே, அதில் அக்கறை கொண்ட பிற நிரல்கூறுகளுக்குத் தகவல் போகச் செய்வது அப்சர்வர் முறை. செய்தியை வெளியிடும் கூறு தன்னைக் கவனிப்பவர்களின் பட்டியலை மட்டும் வைத்திருக்கும். ஒருவர் அதைக் கோப்பில் எழுதலாம், இன்னொருவர் நள்ளிரவில் பணியாளரின் கைப்பேசியை அலறவிடலாம். அதெல்லாம் வெளியிட்டவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இம்முறை முதலில் வளர்ந்தது லாக்கில் அல்ல, கணினித் திரையில். 1970களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்கவுக் தரவையும் அதன் திரைத் தோற்றத்தையும் பிரித்துவைக்கும் மாடல்-வியூ-கன்ட்ரோலர் அமைப்பை வகுத்தார். அதே ஆய்வகத்தின் ஸ்மால்டாக்-80 மொழியில் ஒரு பொருள் மாறினால், அதைச் சார்ந்திருக்கும் பொருள்களுக்கெல்லாம் ‘அப்டேட்’ என்ற செய்தி போய்விடும். எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994இல் வெளியிட்ட ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலின் 23 வடிவங்களில் இது ‘அப்சர்வர்’ என்ற பெயரில் இடம்பெற்றது.

லாக் தனிப் பாதையில் வந்தது. 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக எழுதிய சிஸ்லாக், செய்தி அனுப்பும் வேலையையும் அது எங்கே போய்ச்சேர வேண்டும் என்ற முடிவையும் பிரித்துவைத்தது. அப்சர்வரின் பாதிக் கருத்து அதிலேயே இருக்கிறது எனலாம். ஆனாலும் கோப்பில் விழுந்த வரிகளை யாராவது பிறகு படித்தாக வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஸ்வாட்ச் அந்த வேலையை ஏற்றது: கோப்பின் வாலைப் பார்த்துக்கொண்டே இருந்து, சந்தேகத்துக்குரிய வரி வந்தால் எச்சரிக்கும்.

இரண்டும் கலந்தது ஜாவா உலகில். 1996இல் செம்பர் என்ற ஐரோப்பியத் திட்டத்துக்குள் தொடங்கிய வேலை, செகி குல்ஜுவின் கையில் லாக்4ஜே ஆனது. அதில் செய்தியை வெளியிடும் ஒரு லாகருடன், அதைப் பெற்றுக்கொள்ளும் ‘அப்பெண்டர்’களை எத்தனை வேண்டுமானாலும் இணைக்கலாம். பைத்தான் 2.3இல் 2003இல் சேர்ந்த லாகிங் தொகுப்பு இவற்றை ‘ஹேண்ட்லர்’ என்கிறது. பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டது ட்விஸ்டட் என்ற பைத்தான் வலைப்பின்னல் கட்டமைப்புதான். அங்கே ‘லாக் அப்சர்வர்’ என்றே எழுதுவார்கள்.

கண்காணிப்பவரே பழுதானால் என்ன செய்வது? இம்முறையின் கடினமான பகுதி இதுதான். பிழையைக் கண்ட அப்சர்வர் அதையும் லாக்கில் எழுதினால், அந்தச் செய்தி அதனிடமே திரும்பும். மறுபடி பிழை, மறுபடி செய்தி என்று முடிவில்லாமல் சுழலும். ட்விஸ்டட்டின் தீர்வு நேர்த்தியானது: பழுதான அப்சர்வரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் அதன் பிழையைத் தெரிவிக்கும். பைத்தானின் ஹேண்ட்லர்கள் பிழை விவரத்தை நேராகப் பிழை வெளியீட்டில் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வேகம் இன்னொரு சிக்கல். அப்சர்வர் வழக்கமாக, செய்தி எழுதிய அதே த்ரெட்டில், அதாவது அதே செயலோட்டத்தில், ஓடுகிறது. மின்னஞ்சல் அனுப்பும் அப்சர்வர் தாமதித்தால், வாடிக்கையாளரின் கோரிக்கையும் சேர்ந்து காத்துக்கிடக்கும். இதற்காக நடுவில் ஒரு வரிசையை வைத்தார்கள்: லாக்4ஜேயில் அசிங்க்அப்பெண்டர், பைத்தான் 3.2இல் க்யூஹேண்ட்லர். வரிசை நிறைந்துவிட்டால் காத்திருப்பதா, செய்தியைக் கைவிடுவதா என்பது இன்றும் ஒவ்வொரு குழுவும் தானே எடுக்க வேண்டிய முடிவு. லிங்க்ட்இன் நிறுவனம் 2011இல் திறமூலமாக்கிய காஃப்கா என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பு வேறு வழியில் போனது. அதில் படிப்பவரிடம் செய்தியை யாரும் தள்ளிவிடுவதில்லை. படிப்பவர் தன் வேகத்தில் இழுத்துக்கொள்கிறார்.

2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையும் கவனிப்பவர் பக்கத்தில்தான் இருந்தது. லாக்4ஜே 2, செய்தியை வடிவமைக்கும்போது அதற்குள் இருந்த குறிகளைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, தாக்குபவரின் சர்வரிலிருந்து நிரலை இறக்கி இயக்க வழிவிட்டது.

ஜாவாவின் பொதுவான அப்சர்வர் வகுப்புகள் 2017இல் ஜாவா 9 வந்தபோது கைவிடத்தக்கவை என அறிவிக்கப்பட்டன. அறிவிப்புகள் எந்த வரிசையில் வரும் என்ற உறுதியின்மையும் அதற்கு ஒரு காரணம். லாக் துறையில் முறை அப்படியே நிலைத்தது. பதிவுசெய்த அப்சர்வரை நீக்க மறந்தால் நினைவகம் வீணாகும் என்ற பழைய தொல்லையும் கூடவே நிலைத்தது. பைத்தான் 3.4இன் சோதனைத் தொகுப்பில் உள்ள ‘அசெர்ட்லாக்ஸ்’ அதைத் தானே கவனித்துக்கொள்கிறது: சோதனை ஓடும் நேரத்துக்கு மட்டும் தன் ஹேண்ட்லரைப் பொருத்தி, எதிர்பார்த்த செய்தி வந்ததா என்று பார்த்து, முடிந்ததும் பழைய ஹேண்ட்லர்களைத் திரும்ப வைத்துவிடுகிறது.