துரையின் மௌனமும் குறை சொல்லும் வழியும்

சிரம்பானை அடுத்த சுங்கை காடுட் வட்டாரம், துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையும் கணினி கற்ற இளைஞர்களும் பெருகிவிட்ட இக்காலத்துக்கு முன், ரப்பர்த் தோட்டங்களையே நம்பி வாழ்ந்தது. அந்நாளில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கூரை ஒழுகினாலும், பால் நிறுப்பதில் தவறு நேர்ந்தாலும், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நிற்கும் தொழிலாளி அதைக் கங்காணியிடம் சொல்லவேண்டும்; கங்காணி மனம் வைத்தால் எழுத்தராகிய கிராணியிடமும், கிராணி துணிந்தால் தோட்ட நிர்வாகியாகிய துரையிடமும் அது போய்ச் சேரும்; துரை மௌனம் சாதித்தால் விஷயம் அத்துடன் முடிந்துவிடும். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்ட பின், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறும் உரிமை இருந்தது மெய்யே. ஆயினும் வேலையோடு வீட்டையும் இழக்கவேண்டியவனுக்கு அவ்வுரிமையால் என்ன பிரயோஜனம்?

இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு 1923 முதல் கோலாலம்பூரில் இருந்து விண்ணப்பங்களைக் கேட்டார். ஆனால் ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரைக்கு எதிரில் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும், குறை சொன்னவரைப் பழிவாங்கலாகாது என்றும் கேட்டார்கள். குறையைச் சொல்வதற்கே பாதுகாப்புக் கேட்கவேண்டியிருந்த அந்நிலையைவிடத் தோட்டத்து வாழ்வை விளக்கும் சான்று வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அக்கோரிக்கைகளுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச்சூடும் நாடுகடத்தலுமாகும். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி புரிந்த பி. பி. நாராயணன் முதலியோரின் முயற்சியால் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பிறகே, முறையீட்டுக்கு நிலையானதொரு வாசல் ஏற்பட்டது.

அத்தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று திறந்த மூல மென்பொருளில் வழுக்களைக் கண்டு எழுதிவிட்டு, பராமரிப்பாளர் பதிலளிக்கவில்லையே என்று வருந்துவதுண்டு. வருத்தம் நியாயமானதே, எனினும் சம்பளம் வாங்கிக்கொண்டு மௌனம் சாதித்த துரையையும், ஊதியமின்றித் தம் ஓய்வுநேரத்தை ஈந்து களைத்துப்போனவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியைப் பல்லாண்டுகளாகப் பேணிவந்த பின்லாந்துக்காரர் லாசே காலின், அது தமக்கு ஊதியமில்லாத பொழுதுபோக்கென்று 2022இல் சொல்லியும், தாமதத்தைக் குறைகூறிச் சிலர் விடாது நெருக்கினர். பின் பொறுப்பில் பங்கு பெற்ற ஓர் அந்நியர் அக்கருவியில் கள்ளவாசல் ஒன்றைப் பதித்தார். தொலைக்கணினியில் நுழைய வழக்கத்துக்கு மாறாக அரை நொடி கூடுதலாவதை அலட்சியம் செய்யாத ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்பவர், அதன் காரணம் அக்கள்ளவாசலே என்று தேடித் துருவிக் கண்டு, 2024 மார்ச் 29ஆம் நாள் உலகறிய எழுதினார்.