நகரும் தாளும் நகரா விசையும்

தட்டச்சுப்பொறியில் எல்லா எழுத்துகளும் ஒரே இடத்தில்தான் வந்து அடிக்கின்றன. இடம் மாறுவது தாள். ஓர் எழுத்து விழுந்ததும் தாள் ஓர் எழுத்தகலம் இடப்பக்கம் நகர்கிறது. வரி முடிந்ததும் ஒரு வரி மேலேறி, தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு அசைவுகளையும் பிசகாமல் நடத்தித் தருவதே பொறியின் பாதி வேலை. தமிழைப் பொறியில் ஏற்ற முயன்றவர்களுக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது: சில அடிகளுக்குப் பிறகு தாள் நகராமல் அப்படியே நிற்க வேண்டும். கையால் இயங்கிய பொறியிலும், மின்சாரத்தில் இயங்கிய பொறியிலும், கடைசியில் கணினியிலும் இந்த நிற்றலுக்கு ஒரு வழி கண்டாக வேண்டியிருந்தது.

தாளைத் தாங்குவது கெட்டி ரப்பர் போர்த்திய உருளை. அதன் அடியில் சிறு ரப்பர் உருளைகள் இரண்டு வரிசையாக, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒட்டி நிற்கும். பின்பக்கத் தகட்டில் தாளைச் சாய்த்து வைத்து உருளையின் நுனிக் குமிழைத் திருகினால், தாள் இரண்டுக்கும் நடுவே கவ்வப்பட்டு, அடியிலுள்ள வளைந்த தகடு வழிகாட்ட, முன்பக்கமாக மேலேறி வரும். முன்னால் ஒரு கம்பி அதை உருளையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். தாள் கோணலாக ஏறிவிட்டால் ஓரத்து லீவரை இழுக்க வேண்டும். அடி உருளைகள் விலகும், தாளை நேராக்கிக்கொண்டு லீவரை விட்டுவிடலாம்.

உருளையின் ஒரு நுனியில் பல்சக்கரம் இருக்கிறது. வரி மாற்றும் லீவர் ஒரு கொக்கியால் அந்தப் பல்லைத் தள்ளும்போது உருளை ஒற்றை வரியோ இரட்டை வரியோ சுழல்கிறது. பெரும்பாலான பொறிகளில் அங்குலத்துக்கு 6 வரி. ஏ4 தாளில் ஓரமே விடாமல் அடித்தால் 70 வரி கொள்ளும். ஆனால் தட்டச்சாளரின் தாள்கள் எல்லாம் வெறுந்தாள்கள் அல்ல. கோடு போட்ட படிவங்களும், தலைப்பகுதியில் முத்திரை அச்சான முத்திரைத்தாள்களும் பொறியின் வரிக்கணக்குக்கு ஒத்துவருவதில்லை. அதற்காகக் குமிழில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் உருளை பல்சக்கரத்தின் பிடியிலிருந்து விடுபடும். எழுத்தின் அடி கோட்டின்மேல் உட்காரும்படி உருளையை நூலளவாகத் திருப்பி நிறுத்தலாம். நல்ல தட்டச்சாளரின் கைநயம் தெரியும் இடங்களில் இது ஒன்று.

பக்கவாட்டு அசைவு இதைவிட நுட்பமானது. உருளையைச் சுமக்கும் கேரேஜை ஒரு சுருள்வில் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை ஓடவிடாமல் தடுப்பது ஒரு பல்சக்கரமும் அதன் பல்லிடையில் மாறி மாறி நுழையும் இரண்டு நாக்குகளும். எழுத்துக்கம்பி தாளை நோக்கிப் பாயும்போது, வழியில் எல்லாக் கம்பிகளுக்கும் பொதுவான ஒரு பட்டையைத் தள்ளுகிறது. அந்தப் பட்டை நாக்குகளை மாற்றுகிறது. பல்சக்கரம் ஒரே ஒரு பல் விட்டுக்கொடுக்கிறது. கேரேஜ் ஓர் எழுத்தகலம் நகர்ந்து நிற்கிறது. ஆங்கிலப் பொறிகளில் இந்த அகலம் பெரும்பாலும் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது பன்னிரண்டில் ஒரு பங்கு.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ்–கிளிடன் பொறியில் எழுத்துகள் உருளைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அடித்தன. அடித்ததைப் பார்க்கக் கேரேஜைத் தூக்க வேண்டும். ரெமிங்டன் தையல் இயந்திரமும் செய்த நிறுவனம் என்பதால் கேரேஜைத் திருப்பிக் கொண்டுவரத் தையல் இயந்திரத்து மிதிபலகையையே வைத்திருந்தார்கள். எழுத்து முன்பக்கமிருந்து அடித்து, அடிக்கும்போதே கண்ணுக்குத் தெரியும் முறையை அண்டர்வுட் பொறிகள் 1890-களில் நிலைநிறுத்தின. கேரேஜைக் கையாலேயே தள்ளும் லீவர், தள்ளும் அதே வீச்சில் உருளையையும் ஒரு வரி சுழற்றிவிடும் ஏற்பாடு, வரி முடியப்போகிறது என்று சொல்லும் மணி என இன்று தட்டச்சுப்பொறி என்றதும் நினைவுக்கு வரும் உருவம் அப்படித் திரண்டது.

தமிழ் எழுத்துகள் 247. பொறியில் ஐம்பதுக்கும் குறைவான விசைகள். ஷிப்ட் சேர்த்துத் தொண்ணூறு சொச்சம் உருவங்களுக்குத்தான் இடம். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886-இல் பிறந்து, இளவயதில் சிங்கப்பூருக்குப் போய் வணிக நிறுவனத்தில் சுருக்கெழுத்தராகப் பணியாற்றிய ஆர். முத்தையா இந்தக் கணக்கோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். அவருடைய விசைப்பலகையை ஏற்றுப் பொறி செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல்–நௌமான் நிறுவனம். ‘பிஜோ’ என்ற பெயரில் வந்த அந்தக் கைப்பொறி தமிழர் வாழும் நாடுகளுக்குப் பரவியது.

தீர்வின் சூட்சுமம் தாளின் அசைவில் இருந்தது. ‘கை’ என்றால் இரண்டு அடி, இரண்டு நகர்வு. ‘கொ’ என்றால் மூன்று அடி, மூன்று நகர்வு. ‘க்’, ‘கி’, ‘கீ’ அப்படியல்ல. புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலையிலேயே ஏற வேண்டும். ஆகவே இவற்றுக்கு நகரா விசை வைத்தார்கள். செய்முறை எளிது: அந்த எழுத்துக்கம்பியின் அடியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால், அது பாயும்போது பொதுப்பட்டையைத் தொடாது. நாக்கு மாறாது, கேரேஜ் நகராது. அடுத்து விழும் எழுத்து அதே இடத்தில் விழுந்து சேர்ந்துகொள்ளும். அதனால்தான் தட்டச்சில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. கையெழுத்தில் கடைசியில் வைக்கும் புள்ளியை இங்கே முன்னதாக அடித்துவிட வேண்டும். விரல் இதற்குப் பழக நாளாகும். ஒரே விசிறி எல்லா எழுத்துக்கும் பொருந்தாது என்பதால் ‘டி’, ‘டீ’ போன்றவற்றுக்குத் தனி விசை ஒதுக்க வேண்டியிருந்தது. உகரம் ஏறிய எழுத்துகள் பலவற்றுக்கும் அப்படியே.

இரண்டு அடி ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதால் தமிழ்ப் பொறி தன் குறையை மறைக்க முடியாது. ஆங்கிலத்தில் கேரேஜ் ஒரு மயிரிழை ஆடினால் எழுத்து சற்றே நெருங்கித் தெரியும், அவ்வளவுதான். தமிழில் புள்ளி பக்கத்து எழுத்தை நோக்கிச் சாயும், விசிறி எழுத்தோடு ஒட்டாமல் தனியே மிதக்கும். பழைய தமிழ்க் கோப்புகளைப் புரட்டும்போது, புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிய பக்கங்களைப் பார்த்தாலே அந்தப் பொறியின் தேய்மானம் புரிந்துவிடும்.

நகரா விசை தமிழுக்கென்று பிறந்ததல்ல. பிரெஞ்சுப் பொறிகளில் கூம்புக்குறிக்கும் இரட்டைப்புள்ளிக்கும் இதே ஏற்பாடு உண்டு: குறியை முதலில் அடித்தால் கேரேஜ் நிற்கும், உயிரெழுத்தை அடித்ததும் நகரும். பிரெஞ்சும் தமிழும் ஒரே அலுவலகச் சூழலில் புழங்கிய காரைக்காலுக்கு இது பொருத்தமான ஒற்றுமை. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால் 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தில் சேர்ந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. இந்திய–பிரெஞ்சு 1956 ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடர இடம் தந்தது. புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் 1965-இல் வந்து தமிழுக்கு இடம் கொடுத்தது. விழிதியூர் போன்ற காரைக்கால் சிற்றூர்களின் நிலப் பத்திரமும் மனுவும் போய்ச் சேர வேண்டிய அலுவலகங்களின் மொழி இப்படி ஒரு தலைமுறைக்குள் மாறியது. இரு மொழிப் பொறிகளிலும் விசைப்பலகையின் வரிசை முற்றிலும் வேறு. பிரெஞ்சுப் பலகையில் எண்களுக்கே ஷிப்ட் பிடிக்க வேண்டும். ஆனாலும் குறியை முன்னால் அடித்துத் தாளை நிறுத்திவைக்கும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே.

அலுவலகத்தில் பொறியின் சோதனை நகல்களில் தெரிந்தது. ஒரு மனுவுக்கு நான்கைந்து படி வேண்டுமென்றால் தாளும் கார்பனும் மாறி மாறி அடுக்கி உருளையில் ஏற்ற வேண்டும். உருளையில் வளையும்போது வெளித்தாள் உள்தாளைவிடச் சற்று நீண்ட வழி போவதால் அடுக்கு நழுவும். இதற்குத் தட்டச்சாளர்கள் வைத்திருந்த வழி: அடுக்கின் தலைப்பை மடித்த ஒரு தாளுக்குள் செருகி ஏற்றுவது, ஏறியதும் லீவரை ஒருமுறை தளர்த்தித் தாள்களைச் சமப்படுத்திவிட்டு மறுபடி பிடிக்கவைப்பது. தாளின் அடி ஓரம் கடைசி உருளையை விட்டு விலகும்போது வரி சரிந்துவிடும் என்பதால், எத்தனையாவது வரியில் நிற்க வேண்டும் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவைப்பார்கள். ஒற்றைத் தாளில் அடிக்கும்போது பின்னால் இன்னொரு தாள் வைப்பது உருளையைக் காப்பாற்ற. ரப்பர் ஆண்டுகள் ஆக ஆகக் கல்லாகி வழுவழுத்துவிடும். பிறகு தாள் வழுக்கும், வரிகள் ஏறி இறங்கும். ஸ்பிரிட்டால் துடைத்தால் கொஞ்ச காலம் ஓடும், முற்றினால் உருளையையே மாற்ற வேண்டும்.

எழுத்துச் சீர்திருத்தமும் இந்த இயக்கத்தோடு ஒட்டியது. தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் 13 எழுத்துகளின் பழைய உருவங்களை மாற்றியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை அதுவரை தனி உருவம் பெற்றிருந்தன. புதிய வடிவில் அவை பிற எழுத்துகளைப் போலவே சாதாரண அடி, சாதாரண நகர்வில் முடிந்தன. விசைக்கு நெருக்கடியான பொறிக்கு இது பெரிய விடுதலை.

இந்தியாவில் பொறி செய்யும் தொழில் இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1955-இல் கோத்ரெஜ் முதல் இந்தியப் பொறியைக் கொண்டுவந்தது. ஃபாசிட் பொறிகள் சென்னைப் பெருங்குடியில் தயாராயின. லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளைப் பாஸ் பண்ணத் தெருவுக்குத் தெரு டைப் இன்ஸ்டிடியூட்டுகளில் வரிசையாக உட்கார்ந்து அடித்த பொறிகள் கையால் இயங்கியவை. மின்தடை அவற்றை நிறுத்த முடியாது என்பது ஒரு காரணம், விலை மற்றொன்று. மின்பொறிகள் பெரிய அலுவலகங்களில்தான் இடம்பிடித்தன.

மின்பொறி மோட்டாரை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்தியது. ஒன்று, எழுத்தை அடிப்பது. மோட்டார் ஓர் உருளையை விடாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். விசையை லேசாகத் தொட்டால் ஒரு சிறு சக்கரம் அந்த உருளையில் பிடித்துச் சுழன்று எழுத்துக்கம்பியை இழுக்கும். எந்த விரல் தொட்டாலும் அடி ஒரே பலம், ஆகவே ஐந்தாவது கார்பன் படியும் தெளிவு. மற்றொன்று, கேரேஜைத் திருப்புவது. ஒரு விசையைத் தட்டினால் கிளட்ச் பிடித்து, நாடாவைச் சுருட்டிக் கேரேஜை வலப்பக்கம் இழுக்கும்; அந்த இழுப்பிலேயே உருளை ஒரு வரி ஏறும். கனத்த கேரேஜ் ஓரத் தடையில் மோதி அதிராமலிருக்க வேகம் தணிக்கும் ஏற்பாடும் வேண்டியிருந்தது. நகரா விசை மட்டும் பழையபடி பொதுப்பட்டையைத் தவிர்ப்பதாகவே இருந்தது.

1961-இல் ஐபிஎம் செலக்ட்ரிக் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. அதில் கேரேஜே இல்லை. உருளை ஓரிடத்தில் நிலைத்து மேல்நோக்கி மட்டும் சுழலும். 88 எழுத்துகள் பொறித்த பந்து சாய்ந்தும் திரும்பியும் அடித்தபடி வலப்பக்கம் நகரும். தாள் பக்கவாட்டில் அசையாததால் கார்பன் அடுக்கு கலைவது குறைந்தது, மேசையில் இடமும் மிச்சம். குறி ஏற வேண்டிய மொழிகளில் தாளுக்குப் பதில் பந்தை நிறுத்திவைத்தார்கள்.

1970-களின் கடைசியில் வந்த மின்னணுப் பொறிகளில் பல்சக்கரமும் கொக்கியும் போய், படிப்படியாகச் சுழலும் மோட்டார் உருளையைத் திருப்பியது. தாளைப் பின்னால் வைத்து ஒரு விசையைத் தட்டினால், அது தானே ஏறி முதல் வரியில் நிற்கும். டெய்சி சக்கர அச்சுப்பொறிகள் தாளை அங்குலத்தில் 48-இல் ஒரு பங்கு அளவுக்கு மேலும் கீழும் நகர்த்தின. கையால் நூலளவு திருப்பிய குமிழின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது.

கோத்ரெஜ் 2009-இல் அலுவலகப் பொறி தயாரிப்பை நிறுத்தியது. கணினியில் தாள் நகர்வது அச்சுப்பொறியின் வேலையாகிவிட்டதால் நகரா விசைக்கு இயந்திரக் காரணம் இல்லாமல் போனது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை எழுத்தை முதலிலும் உயிரைப் பிறகும் அடிக்கவைத்தது. ஆனால் பொறியில் பழகிய விரல்கள் பழைய பலகையையே கேட்டன. அப்படிப் பழகியவர்களுக்காக எழுதிய மென்பொருள்கள், முதலில் தட்டிய புள்ளியை நினைவில் நிறுத்திவைத்து, எழுத்து வந்ததும் அதற்குப் பின்னால் இடம் மாற்றிச் சேமிக்கின்றன.