கதவு மூடினாலும் பயமில்லை: லினக்ஸ் கிளைகளின் கதை

நம்ம கையில இருக்கிற ஆண்ட்ரொய்ட் போனுக்குள்ள ஓடுறது லினக்ஸ் கேர்னல். 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று ஒவ்வொரு வெளியீட்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைவைக்கிறார்கள். இத்தனை பேர் எழுதினால் எது உள்ளே போகும், எப்ப போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதையைத்தான் நாங்கள் இங்கே சொல்லப் போகிறோம்.

ஆரம்பத்தில் கணக்கு சுலபம். இரண்டாம் எண் இரட்டைப்படை என்றால் நம்பிப் பாவிக்கலாம்: 2.0, 2.2, 2.4. ஒற்றைப்படை என்றால் சோதனைக் கிளை: 2.1, 2.3, 2.5. புதுசு எல்லாம் ஒற்றைப்படையில் சேரும். பிறகு கதவை மூடி, பிழை திருத்தி, இரட்டைப்படையாக வெளியிடுவார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2.4 வந்தது 2001 ஜனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். கிட்டத்தட்ட மூன்று வருஷம்! புது வன்பொருள் வாங்கினவங்க அதுவரைக்கும் என்ன செய்வாங்க? லினக்ஸ் விநியோக நிறுவனங்கள் 2.5இல் இருந்ததைப் பிய்த்துத் தங்கள் 2.4இல் ஒட்டின. ஆளுக்கொரு 2.4 ஆச்சு. இன்னொரு பக்கம், கதவு மூடப்போகுது என்றதும் அரைகுறை வேலையையும் உள்ளே தள்ளப் பார்த்தார்கள். இப்ப விட்டா இன்னும் ரெண்டு மூணு வருஷம்!

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். கவ்வாத்து வெட்டின மலையில் சில மாசம் கொழுந்து கிடையாது. அதனால்தான் எந்தத் தோட்டத்திலும் எல்லா மலையையும் ஒரேயடியாக வெட்டுவதில்லை. முறை வைத்து வெட்டுவார்கள், பெக்டரிக்குக் கொழுந்து வந்துகொண்டே இருக்கும். பழைய லினக்ஸ் மொத்தத் தோட்டத்தையும் ஒன்றாகக் கவ்வாத்து பண்ணியது.

2004இல் ஒட்டாவாவில் கூடிய கேர்னல் உருவாக்குநர்கள் 2.7 கிளையை இப்போதைக்குத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். வளர்ச்சி 2.6இலேயே தொடர்ந்தது. 2005 மார்ச்சில், வெளிவந்த பதிப்புக்கு அவசரத் திருத்தம் மட்டும் செய்யும் தனிக் கிளை தொடங்கியது. ஏப்ரலில், அதுவரை பாவித்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச அனுமதி போனதும், டோர்வால்ட்ஸ் கிட் என்ற கருவியை எழுதினார். கிளை பிரிப்பதும் இணைப்பதும் அன்றாட வேலையானது.

அதே வருஷம் வந்த ஒழுங்குதான் இன்றும் நடக்கிறது. ஒரு பதிப்பு வெளிவந்ததும் இரண்டு வாரம் இணைப்புக்கான கதவு திறந்திருக்கும். பிறகு மூடும். அடுத்த ஏழெட்டு வாரமும் பிழைத் திருத்தம் மட்டும்தான். வாரம் ஒரு சோதனைப் பதிப்பு வரும். அப்புறம் வெளியீடு, மறுபடி கதவு திறப்பு. எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்து வாரம். கதவு மூடியிருக்கும்போதும் வேலை நிற்காது: ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் தன் கிளையில் சேர்த்துக்கொண்டே இருப்பார். 2008இல் அவுஸ்திரேலியாவின் ஸ்டீபன் ரொத்வெல் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்ற கிளையைத் தொடங்கினார். எல்லாருடைய கிளைகளையும் வேலைநாள்தோறும் ஒன்றாக இணைத்துப் பார்ப்பது. எங்கே மோதுகிறது என்று கதவு திறக்குமுன்பே தெரிந்துவிடும்.

இங்கே மாறியது வேகம் மட்டுமில்லை. மூன்று வருஷம் காத்திருக்கணும் என்றால் 'இல்லை' என்று சொல்வது தண்டனை. பத்து வாரம் என்றால் அது வெறும் 'அடுத்த தடவை வாங்க'. பொறுப்பாளர் துணிந்து மறுக்கலாம், மறுக்கப்பட்டவர் மானத்தோடு திருத்தலாம்.

தேதி தெரியாமல் காத்திருப்பதன் பாரம் மலையகத்துக்குப் புதுசில்லை. 1948இல் குடியுரிமை இழந்தவர்களில் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். மென்பொருளும் குடியுரிமையும் ஒன்றல்ல. ஆனா நாங்கள் நாளைக்கு ஒரு சங்கமோ வாசகசாலையோ நடத்தினால், 'இல்லை' என்று சொல்லும் இடத்தில் அடுத்த கதவு எப்ப திறக்கும் என்ற தேதியையும் சேர்த்தே எழுதி ஒட்டுவோம்.